மேலிருந்து எரிந்த கோரை

ஜூன் 4

அன்புள்ள மருமகளுக்கு,

உன் போன் கிடைக்கவே இல்லை. உன் அண்ணன் கடைக்குப் போய் நின்றேன். உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். நம்பர் மட்டும் தரவில்லை. "விலாசம் தரேன், எழுதிப் பாருங்க. படிக்கிறதும் கிழிக்கிறதும் அவ இஷ்டம்" என்றார்.

நீ வேலை செய்யும் நர்சரியின் கிடங்குக்கு மேலேயே உனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்களாம். காற்று வருகிறதா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? இதையெல்லாம் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள்.

எழுத வந்த விஷயம் வேறு. வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் நீ வளர்த்த கோரை மார்ச் மாதம் பட்டுப்போனது அல்லவா? அதை யாரும் எடுத்துப் போடவில்லை. வைக்கோல் மாதிரி அப்படியே கிடந்தது. போன வாரம் நல்ல மழை. நேற்றுக் குளியலறைத் தண்ணீர் அடைத்துக்கொண்டதே என்று பின்பக்கம் போனவள் பார்த்தால், காய்ந்த தழைக்குள்ளிருந்து பச்சையாக ஊசி ஊசியாக எட்டிப் பார்க்கிறது. ஒன்றிரண்டு இல்லை. நிறைய.

தண்ணீர் விடலாமா, விடக் கூடாதா? ஒன்றும் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். திட்டுவதற்காவது ஒரு வரி எழுது.

உன் அத்தை


ஜூன் 11

அத்தைக்கு,

அண்ணனிடம் யாருக்கும் விலாசம் தர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். உங்களைப் பார்த்ததும் அவனுக்கு மனசு இளகிவிட்டது போல.

அந்தச் செடிகளைப் பற்றிக் கேட்க எனக்கு விருப்பமில்லை. இங்கே நான் பைகளில் மண் நிரப்புகிறேன். "நிழலான இடம், எப்பவும் ஈரம், எதை வெச்சாலும் அழுகுதுங்க. என்ன வைக்கலாம்?" என்று யாராவது வந்து கேட்டால் வாயைத் திறக்காமல் முதலாளியைக் கை காட்டிவிடுகிறேன். அந்தக் கேள்விக்கு ஐந்து வருஷமாகப் பதில் வைத்திருந்தவள் நான். இப்போது அந்தப் பதிலைச் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

எழுதிவிட்டீர்கள். ஆகவே சொல்கிறேன். காய்ந்த தழையை அடியிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்துவிடுங்கள். பிடுங்கக் கூடாது. முளைப்பது எல்லாம் கோரையாக இருக்காது, நடுவில் புல்லும் கிளம்பியிருக்கும். தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தட்டினால் கோரை. வழுவழுவென்று உருண்டால் புல், எடுத்துவிடுங்கள். தூரின் மேல் மண் மூடக் கூடாது. குளியலறைத் தண்ணீர் போவதே போதும், தனியாக ஊற்ற வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நான் தண்ணீர் அதிகமாக விட்டு அழுகிப்போனது என்றுதானே எல்லாரும் சொன்னோம்? அழுகினது திரும்ப முளைக்காது. ஒரு தூரைத் தோண்டி வேர் என்ன நிறம், என்ன வாசனை என்று பார்த்து எழுதுங்கள்.

அதோடு போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.


ஜூன் 17

அன்புள்ள மருமகளுக்கு,

நீ சொன்ன மாதிரியே அறுத்தேன். என் முழங்கால் பற்றி உனக்குத் தெரியும். குத்துக்கால் போட முடியாமல், துணி துவைக்கும் பலகையைப் போட்டு அதில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து முடித்தேன். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்னக்கா, இந்த வயசுல தவழ ஆரம்பிச்சுட்டீங்க?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன்.

தண்டை உருட்டிப் பார்த்தேன். மூன்று பக்கமும் விரலில் தட்டியது. இத்தனை வருஷம் நீ அதன் நடுவிலேயே கிடந்தாய், எனக்கு ஒரு நாளும் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

வேர் வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது. மழை பெய்த மண் வாசனைதான், கெட்ட வாடை ஏதும் இல்லை. பக்கவாட்டில் மூக்கு மாதிரி புது முளைகள் மண்ணுக்குள்ளேயே ஓடுகின்றன.

உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் இதைக் கிளற வேண்டாம் என்று நினைக்கிறேன். முளைத்துவிட்டது, அதுதானே முக்கியம்? இங்கே எல்லாம் வழக்கம்போல. என் மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. வேலை பார்த்த டைல்ஸ் கடையைத் திரும்பத் திறப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தை


ஜூன் 23

அத்தைக்கு,

வேர் வெள்ளையாக இருக்கிறது என்றால் அது அழுகவே இல்லை. அழுகல் கீழிருந்து மேலே ஏறும். இது மேலிருந்து எரிந்திருக்கிறது. நுனி முதலில் வெளுத்து, இரண்டே நாளில் மொத்தத் தழையும் காய்ந்தது. நான் அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. என் கையால் போனது என்று எல்லாரும் சொன்னதும் என் கண்ணை நானே நம்பாமல் போய்விட்டேன். இலையை மட்டும் எரித்து வேரை விடும் களைக்கொல்லி இந்த நர்சரியிலேயே அலமாரியில் இருக்கிறது. நேற்று அதன் சீட்டைப் படித்தேன்.

தோட்டத்துக்குத் தெரு வழியாக வர முடியாது. சமையலறை ஜன்னலை ஒட்டிய நடைவழியில்தான் வர வேண்டும். சமையலறையில் இருப்பது நீங்கள்.

"தண்ணிய அதிகமா விட்டுட்ட போலம்மா" என்று முதலில் சொன்னதும் நீங்கள்தான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்துப் பிழைத்தவர் நீங்கள். மாடியில் குழாய் சொட்டினால் கீழே இருந்தே சொல்வீர்கள். உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏரிக்கரையில் நட என் கோரை சரியாக வருமா என்று பார்க்க ஏரி அலுவலகத்து இன்ஜினியரம்மாவும் இன்னும் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே இருந்தது வைக்கோல். "வீட்டுக்குப் பின்னாலயே உயிரோட வைக்க முடியல, முழுக் கரையையும் எப்படிம்மா உங்ககிட்ட குடுக்கறது?" என்று அவர் கேட்டபோது உங்கள் மகன் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். "களையைக்கூட சாகடிக்கிற கை மேடம் இவளுக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன்.

இன்றுகூடச் செடிக்குத் தண்ணீர் விடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். தண்ணீர் விடுவதற்கே வெட்கப்படுகிற அளவுக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

யார் செய்தது என்று எனக்குத் தெரியும். அதை நீங்கள் எழுத வேண்டும்.


ஜூலை 9

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து இத்தனை நாள் ஆகிவிட்டது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். டப்பாவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

நான் பார்த்தேன்.

அன்று நீ ஏரிக்கரையை அளக்கக் காலையிலேயே போய்விட்டாய். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் அவன் முதுகு தெரிந்தது. தோளில் ஸ்ப்ரேயர். எங்கிருந்து வாங்கி வந்தானோ. வரிசை வரிசையாக, அவசரமே இல்லாமல், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பொறுமையாக அவன் ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை.

"என்னடா அடிக்கிற?" என்று கேட்டேன்.

"களைக்கும்மா."

"அது அவ வெச்ச செடிடா."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ உள்ள போ."

நான் உள்ளே போனேன். என்னால் வேறு விதமாக எழுத முடியவில்லை. உள்ளே போய் மீதிப் பாத்திரத்தைக் கழுவினேன்.

கடை மூடினதிலிருந்து அவன் டீக்கடையில் உட்கார்ந்தால் சிநேகிதர்கள் "கோரைக்காரி வீட்டுக்காரர் வராரு, வழி விடுங்கடா" என்பார்களாம். உனக்கு ஏரி வேலை கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் அது இன்னும் அதிகமாகிவிட்டது. பார், அவனுக்காகப் பேச ஆரம்பித்துவிட்டேன். பேனா தானாக அந்தப் பக்கம் போகிறது. இதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியட்டும்.

சாயங்காலம் நீ வந்து நுனி வெளுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அத்தை, ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டபோது நீ என் கையைப் பிடித்திருந்தாய். அவன் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வாயில் வந்தது தண்ணீர் என்ற சொல்தான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு வசதியான பொய் என்று தெரிந்தது. உனக்கே சந்தேகம் வராத பொய். நீ உன்னையே திட்டிக்கொண்டாய். நான் உனக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

சிரித்தது உண்மை. அவன் சிரிக்கும்போது நான் சிரிக்காமல் இருந்தால் உனக்குப் புரிந்துவிடும் என்று பயந்து சிரித்தேன்.

மன்னிப்பு என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கே கூச்சம். எழுதவில்லை.


ஜூலை 14

அத்தைக்கு,

படித்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

என்னிடம் சொல்லிவிட்டீர்கள், உங்களுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். எனக்கு என்ன ஆனது என்று யோசித்தீர்களா? இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவது? ஏரி அலுவலகத்துக்குப் போய், "என் செடியை என் புருஷன்தான் எரிச்சாரு, மாமியார் எழுதிக் குடுத்திருக்காங்க" என்று நான் நின்றால், புருஷன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். ஏற்கனவே அவர்களுக்கு நான் வேலை தெரியாதவள். இனிமேல் பொய்க்காரியும் ஆக வேண்டுமா?

நான் தலை குனிந்தது நாலு பேருக்கு முன்னால். நீங்கள் சொன்னது ஒரு கவருக்குள்.

இனி எழுத வேண்டாம்.


ஜூலை 28

மருமகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏரி அலுவலகத்துக்குப் போனேன். தனியாக ஓர் அறையில் மெதுவாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே அறையே இல்லை. ஒரே ஹால், ஏழெட்டு மேசை, கோடியில் இன்ஜினியரம்மா. வாசலில் இருந்த கிளார்க், "குடிதண்ணி கம்ப்ளெயின்ட்டா? அடுத்த பில்டிங்" என்றார். ஒரு நிமிஷம், ஆமாம் என்று சொல்லி அப்படியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. நிஜமாகவே திரும்பி இரண்டு படி இறங்கினேன்.

பிறகு போய் அந்த அம்மா முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம்.

"மார்ச் மாசம் கோரை பார்க்க எங்க வீட்டுக்கு வந்தீங்க. அது அழுகிப் போகலம்மா. என் பையன் மருந்தடிச்சான். நான் பார்த்தேன். பார்த்துட்டு மருமகமேலயே பழியப் போட்டேன்."

என் குரல் உனக்குத் தெரியும். கேட்காத லைனில் கத்திக் கத்திப் பழகின குரல். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஹாலில் எல்லா மின்விசிறியும் எனக்குக் கேட்டது, மனிதர் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

"அன்னிக்கு நானும் ஒரு வேரைப் பிடுங்கிப் பார்த்திருக்கணும்" என்றார். அவர் முகமும் சரியாக இல்லை. நான் காட்டுகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டேன். அன்று சாயங்காலமே வந்தார். நான் உட்காரும் பலகையை நகர்த்திவிட்டு அவரே மண்டி போட்டு உட்கார்ந்து, தண்டை உருட்டிப் பார்த்து, வேரைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவன் அப்போது வீட்டில்தான் இருந்தான். அறைக் கதவைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகு வெளியே வந்தான்.

"பெத்த பிள்ளைய ஊரு முன்னாடி நிக்க வெச்சு அசிங்கப்படுத்திட்டியேம்மா."

"நீ எங்கடா நின்ன? நின்னது நான்."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சிநேகிதன் அறையில் தங்கியிருக்கிறான் என்று கேள்வி. வருவான், பசித்தால் வருவான். சோறு போடுவேன். என் மகன்தானே. அதுவும் ஒரு வெட்கக்கேடுதான், ஆனால் அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.


ஆகஸ்ட் 6

அத்தைக்கு,

இன்ஜினியரம்மா போன் செய்தார். அன்று பேசியதற்கு வருத்தம் சொன்னார். முழுக் கரையும் வேறு ஒருவரிடம் போய்விட்டது. மரங்கள் கவிந்து வெயிலே விழாத ஒரு வளைவு இருக்கிறது, அலை மண்ணை அரித்துக்கொண்டே இருக்கிறது, அங்கே என்ன வைத்தாலும் நிற்கவில்லையாம். அதை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறார். அது கோரைக்கென்றே இருக்கிற இடம்.

அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தபடி ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து தூர்களைத் தோண்டி எடுத்துப் போனேன். உங்களுக்குத் தெரியும். நடைவழிக் கதவு திறந்திருந்தது. மண்வெட்டி கழுவி வைத்திருந்தது. ஈரச் சாக்குகள் மடித்து வைத்திருந்தன. நீங்கள் மட்டும் இல்லை. வெளியே போயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வேலையைப் பார்த்தேன். கிளம்பும்போதுதான் சமையலறைக் கதவோரம் உங்கள் செருப்பைப் பார்த்தேன். இருப்பது ஒரே ஜோடி. அத்தனை நேரமும் உள்ளேயேதான் நின்றிருக்கிறீர்கள்.

கதவைத் தட்டலாம் என்று கை போனது. தட்டவில்லை. உங்களைப் பார்க்காமல் போவது முதலில் நல்லதாக இருந்தது. வழியில் அப்படி இல்லை.

தூர்கள் நன்றாக இருக்கின்றன. யார் பார்த்துக்கொண்டார்களோ, ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வரப்போவதில்லை. வக்கீலைப் பார்த்துவிட்டேன். உங்கள் மகனுக்கு நோட்டீஸ் வரும். இதில் உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை நடுகிறோம். தண்ணீர் ஓரம் கயிறு பிடிக்க ஓர் ஆள் குறைகிறது. முழங்கால் வலிக்காது, நின்றுகொண்டு பிடித்தால் போதும். வருவதென்றால் வாருங்கள். சாப்பிட எதுவும் கட்டி எடுத்து வர வேண்டாம். அழக் கூடாது.


ஆகஸ்ட் 20

மருமகளுக்கு,

சனிக்கிழமை நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "கயித்த இழுத்துப் பிடிங்க", "கொஞ்சம் தள்ளுங்க", "போதும்". அவ்வளவுதான். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. பேசியிருந்தால் நான் ஏதாவது உளறியிருப்பேன்.

நீ வேலை செய்வதை நான் அன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவாயா? ஒரே வீட்டில் இருந்தேன். தூரைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து, நீளத் தழையைப் பாதியாகக் கத்தரித்து, தண்ணீர் தொடும் இடத்தில் நெருக்கமாகவும் மேலே போகப் போக இடம் விட்டும் வைத்தாய். அந்த வேன் ஓட்டுநர் தூரை ஆழமாகப் புதைத்தபோது, "கழுத்து வரைக்கும் மண்ணப் போட்டா மூச்சு முட்டிடும் தம்பி, பாதம் மட்டும் மூடுங்க" என்று சொல்லிக் கொடுத்தாய். இரைந்து சொன்னாய், சுற்றுமுற்றும் பார்க்காமல் சொன்னாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அழவில்லை, சொன்னபடி இருந்தேன்.

டீ குடிக்க உட்கார்ந்தபோது அலுவலகத்திலிருந்து வந்த அந்தச் சின்னப் பெண் என்னைக் காட்டி உன்னிடம் கேட்டாள், "இவங்க யாருக்கா? உங்க அம்மாவா?"

உன் டம்ளர் பாதி வழியில் நின்றது. நான் என் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்திக்கொண்டு நானே ஏதாவது சொல்லி உன்னைக் காப்பாற்றலாமா என்று யோசித்தேன். 

"இல்ல, தெரிஞ்சவங்க" என்றாய்.

பஸ்ஸில் வரும்போது முழு வழியும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முதலில் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஐந்து வருஷம் அத்தை என்று கூப்பிட்ட வாய். பிறகு யோசித்தேன். அம்மா என்று சொல்லியிருந்தால் அந்தச் சேற்றிலேயே கூனிப்போயிருப்பேன். மாமியார் என்றால் அடுத்த கேள்வி வந்திருக்கும். யாரோ ஒருத்தர், வேலைக்கு வந்தவர் என்று சொல்லியிருந்தாலும் உனக்கு அதற்கு உரிமை உண்டு. நீ அப்படிச் சொல்லவில்லை. என்னைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். தெரிந்த பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தாய்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமையும் வேலை இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். நீ சொல்லவில்லை. நீ சொன்னால் வருவேன்.